பம்படியில் இரண்டு நோட்டீஸ்

நோட்டீஸ் ஒட்டிப் பதினோரு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. அதற்கு நேர் கீழே வரிசையில் குடங்களும் கேன்களும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று. முதல் நாள் இருபத்து நான்கு. குறைந்த ஒன்று மூலைவீட்டுக்காரருடையது. அவர் ஊருக்குப் போயிருந்தார்.

'இந்தப் பம்பின் தண்ணீரில் நைட்ரேட் அதிகமாக உள்ளது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. கொதிக்க வைத்தும் கொடுக்கக் கூடாது.' அவ்வளவுதான் நோட்டீஸ். கீழே நகரசபை உறுப்பினரின் கையெழுத்து. கையெழுத்துக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். பக்கத்தில் பேனாவால் 'எத்தனை லாரி?' என்று ஒரு கேள்வி.

அந்த நைட்ரேட்டைக் கண்டுபிடித்தது நான். நகரசபையின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு லிட்டரில் ஐம்பது மில்லிகிராம் வரை இருக்கலாம். நூற்றுப் பதினெட்டு இருந்தது. மூன்று முறை பார்த்தேன். இன்னொருவரைப் பார்க்கச் சொன்னேன். வெளியூர்க் கூடத்துக்கும் அனுப்பினோம். அவர்களுக்கு நூற்றுப் பதினைந்து. மேட்டிலிருக்கும் தோட்டங்களின் உரம் மழையோடு இறங்கியிருக்க வேண்டும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாசனையில்லை. பெரியவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தைத்தான் கெடுக்கும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. உதடு நீலமாகும். கவனிக்காமல் விட்டால் அதற்கு மேலும் ஆகும்.

என் அக்கா மகளுக்கு ஏழு வாரம். புட்டிப்பால். அக்கா வீடு பம்பிலிருந்து மூன்றாவது.

நான் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாடிப்படிக்கு அடியில் நான் முன்பு கொண்டுவந்த கேன்கள் நான்கு நின்றன. மூன்றில் மூடியின் சீல் அப்படியே இருந்தது.

"ஏன்டி திரும்பவும் சுமந்துக்கிட்டு வர்ற?" என்றாள் அக்கா. "வைக்க இடம் இல்ல."

"ஒண்ணு திறந்திருக்கே."

"திறந்தேன். தையல்காரம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டாங்க. 'அட, செயலாளர் வீட்டுலயே கேன் தண்ணியா'ன்னு கேட்டாங்க. சாயந்தரத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. உன் மாமா ரெண்டு வேளை சாப்பிடல. அப்புறம் என்னத்த திறக்கறது."

அக்காவின் கணவர் மோட்டார் மெக்கானிக். பம்புக் கமிட்டியின் செயலாளர். பம்பின் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதும் அவர்தான், கூலி வாங்காமல். இரண்டு வருடத்துக்கு முன் நகரசபை பம்பைப் பூட்டியபோது அந்தப் பூட்டை அறுத்ததும் அவர்தான். ரம்பத்தோடு அவர் நிற்கும் பத்திரிகைப் படம் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சின்ன விரலை விரித்து நகத்தைப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. உதட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பதினோரு நாளாக இதே வேலை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கற?"

"இருவது நிமிஷம். நல்லாக் கொதிக்க விட்டுத்தான் குடுக்கறேன்."

"அக்கா, கொதிக்க வச்சா கூடும். தண்ணிதான் ஆவியாப் போகும். அது போகாது."

"சொன்னியே." அவள் கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பைத் தட்டினாள். "நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலடி. ஆனா போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க. நாப்பது நாள் அந்தத் தெரு வளைவுல போய் லாரித் தண்ணி தூக்கினேன். என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அப்போது அக்காவுக்கு மூன்று மாதம். தண்ணீர் தூக்கத் தொடங்கிய நாற்பதாவது நாள் கரு கலைந்தது. தண்ணீர் தூக்கியதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது.

மாமா கையில் கிரீஸோடு வந்தார்.

"வாங்க விஞ்ஞானி. கையாட்டி அனுப்பினானா?"

கையாட்டி என்பது இப்போதைய உறுப்பினருக்குத் தெரு வைத்த பெயர். ஒன்றரை வருடத்தில் அவர் செய்து தாங்கள் பார்த்தது கை ஆட்டுவது மட்டும்தான் என்பார்கள்.

"யாரும் அனுப்பல மாமா."

"நைட்ரேட்டு! நாங்களும் அதத்தான குடிக்கறோம்? என் உதட்டப் பாரு. நீலமாவா இருக்கு? பீடி குடிச்சுக் கறுத்துக் கிடக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது மாமா. நாலாவது வீட்டுக் குழந்தைய முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க இல்ல?"

"அது இதயக் கோளாறு."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான்." அவர் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "இந்தா பாரும்மா. உன் மேல எனக்குச் சந்தேகம் இல்ல. நீ கண்ணாடிக் குழாய்ல பாக்கற நம்பர் சரியாத்தான் இருக்கும். அது உங்க ஆபீஸ் படி ஏறும்போதுதான் வேற நம்பரா ஆயிடுது. போன தடவையும் நீங்க சரியாத்தான் பாத்துக் குடுத்திருப்பீங்க. அப்ப இருந்த மெம்பர், அந்த லாரிதான் மாத்தினான். இவனும் மாத்துறான். உனக்குத் தெரியாது, நீ சின்னப் புள்ள."

நான் கொண்டுவந்த கேனை மற்ற நான்கோடு சேர்த்து வைத்தேன். இரண்டு வருடமாக ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்கு ஓட்டுப் போடக் கிடைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் சீருடை போட்டவர்கள் ஆண்டார்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் நின்று படிக்கவும் பயப்படுவார்கள். முதல் தேர்தலுக்கு அப்பா விடியும் முன்பே போய் வரிசையில் நின்றார். நான் அவர் தோளில் தூங்கினேன். மையை மூன்று நாள் கழுவாமல் வைத்திருந்தார். போன தேர்தலில், மழை வரும் போலிருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மழை வரவில்லை.

முந்தைய உறுப்பினர், தெரு 'லாரி' என்று கூப்பிடுகிறவர், மருந்துக்கடைக்காரர். அப்பா வாய்விட்டுப் புகழ்ந்த ஒரே அரசியல்வாதி. தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் பம்பில் நோட்டீஸ் ஒட்டினார். நைட்ரேட் எண்பத்தாறு, யாரும் குடிக்க வேண்டாம் என்று எழுதிப் பம்பைப் பூட்டினார். லாரியில் தண்ணீர் வந்தது. நாற்பதாவது நாள் ஒரு பத்திரிகை தண்ணீரை எடுத்து மூன்று இடத்தில் சோதித்து எழுதியது. மூன்று இடத்திலும் ஒன்பதுக்குள்தான். லாரி அவருடைய மச்சானுடையது. அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமா பூட்டை அறுத்தார். அடுத்த தேர்தலில் மருந்துக்கடைக்காரருக்கு நாற்பத்தோரு ஓட்டு விழுந்தது.

பத்திரிகை வந்த அன்று நான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து எனக்கு அப்போது நான்காவது மாதம். தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்துதான் கருவியில் வைப்போம். வருகிற எண்ணைப் பிறகு பத்தால் பெருக்க வேண்டும். அந்தப் பம்பின் தண்ணீரை வைத்த அன்றுதான் புதுக் கருவி வந்திருந்தது. அது தானாகவே பெருக்கிக் கொடுத்துவிடும். எனக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் நான் இன்னொரு முறை பெருக்கினேன். எட்டு புள்ளி ஆறு, எண்பத்தாறு ஆனது. என் கையெழுத்துக்குக் கீழே எங்கள் பரிசோதனைக் கூடத் தலைவரான சார் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாரிடம் பதிவேட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"கேட்டா சொல்லுவோம்."

யாரும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் எங்கள் அறிக்கையைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார். அறிக்கை எழுதியவர்களும் அவருடைய ஆட்கள்தானே என்றார்கள். யார் எழுதினார்கள் என்று பார்க்கக்கூட ஒருவரும் அதை வாங்கிப் படிக்கவில்லை. தண்ணீர் மாறிவிட்டது என்று எழுதச் சொன்னார் சார். எழுதினேன். இரண்டாவது முறை நான் எழுதியதற்குக் கணக்குத் தவறு என்று பெயர் சொல்ல முடியாது.

இன்று காலை சாரிடம் மறுபடி போனேன். திங்கட்கிழமை நகரசபை பம்பைப் பூட்டப்போகிறது. அதைத் தடுப்பதற்கு இன்று ஐந்து மணிக்குப் பம்படியில் கூட்டம். போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"என்னன்னு?"

"போன தடவை தப்பு நம்மோடதுன்னு."

"சரி. சொல்ற. 'போன தடவை தப்பாப் பாத்தவதான் இந்தத் தடவையும் பாத்திருக்கா'ன்னு சொல்லுவாங்க. இப்ப கையாட்டிய மட்டும்தான் நம்பல. அப்புறம் மெஷினையும் நம்ப மாட்டாங்க. எத வச்சும்மா அவங்ககிட்டப் பேசுவ?"

 அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கிறது.

அக்கா வீட்டிலிருந்து கிளம்பினேன். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கால் தானாக மருந்துக்கடைக்குப் போனது. தெருக்காரர்கள் இப்போது மருந்துக்கு இரண்டு தெரு தள்ளிப் போகிறார்கள். கடையில் அவர் மட்டும் இருந்தார். மாத்திரை அட்டைகளைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தொண்டை மாத்திரை ஒரு அட்டை குடுங்க சார்."

"கரகரப்பா, வலியா?"

"இன்னும் ஒண்ணும் இல்ல. வரும்னு நெனைக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அட்டையைத் தாளில் சுற்றினார்.

"நோட்டீஸ் நிஜமாம்மா?"

"நிஜம் சார். நூத்திப் பதினெட்டு."

"குழந்தைங்க நாலு இருக்கு இந்தத் தெருவுல, புட்டிப்பால் குடிக்கறது. பால்பவுடர் டப்பா இங்க வாங்கறதில்ல, ஆனா தெரியும்." அவர் தாளின் முனையை மடித்து அழுத்தினார். "நானும் சொல்லலாம்னு நெனச்சேன். நான் சொன்னா, குடிக்காம இருக்கறவனும் போய்ப் பிடிச்சுக் குடிப்பான்."

நான் பையில் சில்லறை தேடினேன்.

"மச்சான் லாரிய எடுத்தது என் தப்புதான்," என்றார். நான் கேட்கவில்லை. "ஊர்ல ரெண்டு லாரி. இன்னொண்ணு பட்டறையில கிடந்துச்சு. அவசரத்துல எடுத்தேன். யோசிச்சிருக்கணும். ஆனா அந்த நம்பர் எங்க தப்பாச்சுன்னு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. எண்பத்தாறுன்னு பேப்பர்ல இருந்துச்சு. நான் படிச்சேன். வேற என்ன செஞ்சேன் நான்? என் பொண்ணே கேக்கறா, 'நெஜமாச் சொல்லுப்பா, எவ்வளவு வாங்கின'ன்னு."

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மாத்திரையை வாங்கிக்கொண்டேன். 'சார்' என்று தொடங்கினேன். அவர் காத்திருந்தார். 'வர்றேன் சார்' என்று முடித்தேன்.

பம்படியில் முப்பது பேர் இருந்தார்கள். கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியின் மேல் மாமா நின்றார். பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எதற்கும் 'ரைட்டு' சொல்லுவதால் அவர் பெயரே ரைட்டு அண்ணன். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"ஒன்றரை வருஷமா இவன் நமக்கு என்ன செஞ்சான்?" என்று கேட்டார் மாமா.

"கை ஆட்டினான்," என்றது ஒரு குரல்.

"அதுவும் நமக்கு ஆட்டினானா, ஈ ஓட்டினானா தெரியல."

"நாளைக்குச் சூரியன் கிழக்குல உதிக்கும்னு அந்த ஆளு சொன்னா," என்றார் தையல்காரம்மா, "நான் மேற்குப் பக்க ஜன்னலயும் திறந்து வைப்பேன்பா."

சிரித்தார்கள். களைத்த சிரிப்பு. இதே நகைச்சுவையை வேறு பெயர்களோடு முன்பும் கேட்டிருக்கிறார்கள்.

"ரைட்டு, ரைட்டு. வண்டிய எடுங்க. விஷயத்துக்கு வாங்க."

மாமா விஷயத்துக்கு வந்தார். திங்கட்கிழமை பூட்டு வந்தால் அன்றைக்கே அறுப்பது. அதுவரை முறை வைத்துக் காவல் இருப்பது. நோட்டீஸை இப்போதே கிழிப்பது. எல்லாவற்றுக்கும் கை தூக்கினார்கள். நாலாவது வீட்டுக்காரர் மட்டும் தூக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் காலி பிளாஸ்க். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

மாமா பெட்டியிலிருந்து இறங்கி நோட்டீஸின் ஒரு முனையைப் பிடித்தார்.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கல்லூரியில் செமினார் என்றால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். 

"கிழிக்காதீங்க மாமா."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. தையல்காரம்மாவுக்குக் கேட்டது.

"செயலாளரே, உங்க மச்சினி என்னமோ சொல்லுது."

"என்னம்மா?" அவர் முனையை விடவில்லை. "வீட்டுல பேசினதுதான? இங்க எதுக்கு?"

"இது நிஜமான நம்பர் மாமா. மூணு தடவை பாத்தேன். வெளியூர்லயும் பாத்தாங்க."

"உன் நம்பர் சரின்னு நானே சொல்லிட்டேனே. இந்தத் தாளத்தான் நம்பலன்னு சொல்றேன்."

"இது அதே நம்பர்தான். யாரும் மாத்தல."

"இவன் மாத்தலன்னு உனக்கு எப்படித் தெரியும்? லாரி மாத்தினப்ப உனக்குத் தெரிஞ்சுதா?"

"ரைட்டு," என்றார் கண்டக்டர். "அதக் கேளுங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், என்னை விட்டுக்கொடுக்காத சிரிப்பு. பிறகு தாளை இழுத்தார். மேல் முனை பசையோடு கிழிந்து வந்தது.

"லாரி மாத்தல மாமா," என்றேன்.

அவர் கை நின்றது.

"என்ன?"

"போன தடவை அவரு மாத்தல."

"அப்ப எட்டு எப்படி எண்பத்தாறாச்சு? தண்ணிக்குள்ளயே குட்டி போட்டுச்சா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாலாவது வீட்டுக்காரர் பிளாஸ்கைக் கீழே வைத்தார். சார் சொன்னது நினைவிருந்தது. நான் சொல்லப்போவதைக் கேட்டு இவர்கள் தண்ணீரை நிறுத்துவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என்னைத் திட்டிவிட்டு வரிசையில் குடத்தை வைக்கலாம். இனி எதையுமே நம்பாமலும் போகலாம். ஆனால் இந்தத் தாளைக் கிழிக்க மாமாவிடம் இருந்த காரணம் ஒன்றுதான். அது பொய்க்காரணம். அதை நான்தான் அவர் கையில் கொடுத்தேன்.

மாமாவைப் பார்த்துச் சொல்ல முடியும் போலிருந்தது. அவர் கத்துவார், அவ்வளவுதான். வாசற்படியைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏப்பம் வருவதற்காக. இப்போதுதான் பால் கொடுத்திருக்கிறாள்.

"ஏய், என்னடி சொல்ற?" என்று அங்கிருந்தே கேட்டாள். "அவன் மாத்தலன்னா அப்ப யாருடி மாத்தினது?"

நான் அவளைப் பார்த்தே சொன்னேன்.

"யாரும் மாத்தல அக்கா. கணக்க நான் தப்பாப் போட்டேன். பத்தால ரெண்டு தடவை பெருக்கிட்டேன். அந்த எண்பத்தாறு நான் எழுதினது. நீ நாப்பது நாள் தண்ணி தூக்கினது என்னாலதான்."